வையாபுரிப் பிள்ளைமீது தொடரப்பட்ட வழக்கு

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவ சாஸ்திரப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை தம் மனோன்மணிய நாடகத்தை அச்சிட்டு வெளியிட்ட 1891-ஆம் ஆண்டிலேயே, அந்நாடகத்தைப் பிற்காலத்தில் செவ்வையாகப் பதிப்பித்தவரும், தமிழ்ப் பேரகராதியை முடித்துக் கொடுத்தவரும், ஆயினும் தமிழுக்குப் பகைவர் என்ற பழியைத் தம் வாழ்நாளிலேயே சுமக்க நேர்ந்தவருமான எஸ். வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். 1956 பிப்ரவரி 17-ஆம் தேதி அவர் காலமானார். அதன்பின் சென்ற அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் அவருடைய நூல்களைப் படிப்பவர் தொகை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பழி மட்டும் குறையவில்லை. அவர் எழுதிய ஒரு பக்கத்தையேனும் படித்திராதவர்கள்கூட, அவர் தமிழ் நூல்களின் காலத்தைப் பின்தள்ளியவர் என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் கேள்வியறிவாகக் கொண்டிருக்கிறார்கள். அப்பழி நியாயமானதா, நியாயமெனில் எதுவரையில் நியாயம், எந்த இடத்தில் அது அநியாயமாக மாறுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சிக்குத் திருவனந்தபுரம் தக்க இடம். வையாபுரிப் பிள்ளை சட்டம் பயின்றதும், பின்னர்ச் சில ஆண்டுகள் வக்கீல் தொழில் நடத்தியதும் இந்நகரில்தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இங்கே பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டும், கல்வெட்டுகளைப் படித்துக் காந்தளூர்ச் சாலை எது என்று ஆராய்ந்துகொண்டும் இருந்தார். அவருடைய நட்பு வையாபுரிப் பிள்ளைக்குக் கிடைத்தது. நீதிமன்றத்துக் கட்டுகளைப் புரட்டிய கை ஏட்டுச் சுவடிகளையும் புரட்டத் தொடங்கிற்று. 1922-இல் மனோன்மணியப் பதிப்பு வெளிவந்தது. 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். 1936-இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. அதன்பின் பத்தாண்டுகள் அப்பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கினார். இறுதியில், தம் அறுபதாவது வயதை ஒட்டி, 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையின் தலைவராகத் திரும்பவும் இந்நகருக்கே வந்து சேர்ந்தார்.

அவர் இங்கே பணியாற்றிய அம்மூன்றாண்டுகளின் சூழ்நிலையை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டுமென்ற கிளர்ச்சி அப்போது உச்சநிலையை அடைந்துகொண்டிருந்தது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. மொழியே மண்ணுக்கு எல்லை வகுக்கும் நிலையில், அந்த மொழியின் பழைய நூல்களுடைய வயது வெறும் ஏட்டுச் சங்கதியாக இருந்திருக்க முடியாது. தம் மொழியின் தொன்மையையே தம் உரிமைக்குச் சாசனமாகக் கருதிய ஜனங்களிடையே நின்றுகொண்டு, அச்சாசனத்தின் தேதியை ஐயுறுகிறேன் என்று ஒரு பேராசிரியர் சொன்னால், கேட்பவருக்குக் கோபம் வருவது இயல்பே. அக்கோபத்தை இகழ்வது என் கருத்தன்று. ஆனால் இயல்பான கோபம் வேறு, நியாயமான கண்டனம் வேறு.

வையாபுரிப் பிள்ளை சொன்னவை இவை. சங்கத் தொகை நூல்களில் பெரும்பாலானவை கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை; ஆயினும் கலித்தொகையும் பரிபாடலும் திருமுருகாற்றுப்படையும் அவற்றுக்குப் பல தலைமுறை பிற்பட்டவை. தொல்காப்பியம் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு நூல். திருக்குறள் கி.பி. 600-ஐ ஒட்டியது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தவை. தொல்காப்பியர் சமண சமயத்தவர் என்பதும் அவருடைய முடிவு. 1956-இல் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தார் வெளியிட்ட, தமிழ் மொழி இலக்கிய வரலாறு பற்றிய அவருடைய ஆங்கில நூலில் இம்முடிவுகள் ஒருங்கே தொகுத்துத் தரப்பட்டிருக்கின்றன. கடைச்சங்கத்தையும் அதற்கு முந்திய இரு சங்கங்களையும் கடல் கொண்ட நாட்டையும் சரித்திரமாகவே நம்பிவந்த ஒரு சமூகத்துக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஓர் அடியாக விழுந்தன.

விழுந்த அடிக்கு எழுந்த மறுமொழிகள் இருவகை. ஒரு வகையார் அவர் காட்டிய பிரமாணங்களை எடுத்துக்கொண்டு, இது பொருந்தாது, இதற்கு இன்னொரு விளக்கம் உண்டு, இந்தச் சாட்சியம் போதாது என்று வாதித்தார்கள். மற்றொரு வகையார் அவருடைய நெஞ்சுக்குள் புகுந்து பார்த்து, அவர் வடமொழிக்கு அடிமை, பிராமணரை மகிழ்விக்க எழுதியவர், உத்தியோகத்துக்காகத் தமிழைத் தாழ்த்தியவர் என்றார்கள். வக்கீலாயிருந்த ஒருவரைப் பற்றிய ஆராய்ச்சியாதலின், நீதிமன்ற முறையையே உரைகல்லாகக் கொள்ளலாம். 2024 வரை நடப்பிலிருந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், சிவில் வழக்கில் கட்சிக்காரர் எத்தகைய குணமுடையவர் என்பதைக் கொண்டு அவர் இன்னது செய்திருப்பார் என்று அனுமானிப்பதைப் பொதுவாக ஏற்கவில்லை. ஒரு பத்திரம் மெய்யா பொய்யா என்பது பத்திரத்தைப் பார்த்துத் தீரவேண்டிய விஷயம். அதைத் தாக்கல் செய்தவருடைய மனத்தைப் பார்த்தன்று.

இனி, இரண்டாம் வகையாருடைய குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அதுவே நாட்டில் பரவியது. ஒருவன் பிறந்த குலமும் சார்ந்த கட்சியும் அவன் கூறும் காலக் கணக்கைத் தீர்மானிக்கின்றன என்பதே அதன் அடிப்படை. இது உண்மையானால், சிலப்பதிகாரத்தின் கால நிர்ணயத்தில் பிராமண அறிஞர்கள் ஒருபுறமும் பிறர் மறுபுறமும் நிற்க வேண்டும். நடந்தது என்ன? இலங்கைக் கயவாகு மன்னனைக் கொண்டு அந்நூலை கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தும் வாதத்தை 1904-இல் விரிவாக எடுத்துரைத்தவர் வி. கனகசபைப் பிள்ளை. அதே இரண்டாம் நூற்றாண்டை நிலைநாட்டப் பாடுபட்டவர்களில் ஒருவர், இந்தத் திருவனந்தபுரத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்து, சங்ககாலச் சேர மன்னர்களைப் பற்றி 1937-இல் ஆங்கில நூல் வெளியிட்ட கே. ஜி. சேஷ ஐயர், இன்னொருவர் 1939-இல் சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர். இருவரும் பிராமணர். சேரன் செங்குட்டுவனைப் பற்றி 1915-இல் எழுதிய மு. இராகவையங்காரோ ஐந்தாம் நூற்றாண்டு என்றார். வானநிலைக் குறிப்புகளைக் கணித்து கி.பி. 756 என்ற ஆண்டையே சுட்டிய எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கிறிஸ்தவர். அவருடைய முடிவுக்கு அருகே நின்ற வையாபுரிப் பிள்ளை சைவ வேளாளர். இந்த அணிவகுப்பில் ஜாதிக்கும் நூற்றாண்டுக்கும் இடையே ஏதேனும் தொடர்பைக் கண்டுபிடிக்க வல்லவர் யாரேனும் உண்டா? சைவ வேளாளக் குலத்திற் பிறந்தவர் தொல்காப்பியரைச் சமணராக்கினார் என்பதே, அவர் பிறப்பின் பக்ஷபாதத்தால் முடிவு கட்டியவர் அல்லர் என்பதற்குப் போதிய சாட்சியம்.

மேலும் ஒன்று. சுந்தரம் பிள்ளை இந்நகரில் இருந்துகொண்டு செய்த ஓர் ஆராய்ச்சியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. திருஞானசம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் கருதியிருந்தார். கூன் பாண்டியனையும் மார்க்கோ போலோ கூறும் சுந்தர பாண்டியனையும் ஒருவராகக் கொண்டதால் நேர்ந்த முடிவு அது. சுந்தரம் பிள்ளை பிற்கால ஆசிரியர்கள் சம்பந்தரைக் குறிப்பிடும் இடங்களையும் கல்வெட்டுச் சான்றுகளையும் ஒன்றோடொன்று இணைத்து, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்கவே முடியாதென்று நிறுவினார். தமிழ் உலகம் அவரைக் கொண்டாடிற்று. கொண்டாடியது முற்றிலும் தகும். ஆனால் அவர் கையாண்ட முறை யாது? கர்ணபரம்பரையை நம்பாதே, ஒரு நூல் மற்றொரு நூலை அறிந்திருக்கிறதா என்று பார், சொற்களையும் பெயர்களையும் சாசனங்களோடு ஒப்பிடு, பிறகே தேதியைச் சொல் என்பதுதானே? வையாபுரிப் பிள்ளை கையாண்டதும் இதுவேயன்றி வேறன்று. சுந்தரம் பிள்ளைக்கு அம்முறை காலத்தை ஆறு நூற்றாண்டு முன்னே கொண்டுபோய்க் கொடுத்தது. வையாபுரிப் பிள்ளைக்குச் சில நூற்றாண்டு பின்னே கொண்டுவந்து கொடுத்தது. முன்னே போனால் தேசாபிமானம், பின்னே வந்தால் துரோகம் என்று தீர்ப்பளிப்பவர்கள், முறையை மதிப்பவர்கள் அல்லர். தங்களுக்குப் பிடித்த விடையை மட்டும் மதிப்பவர்கள். தமிழ்நாட்டில் 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கும் பாட்டு மனோன்மணியத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்நூலைப் பேணிப் பதிப்பித்தவரையா தமிழ்ப் பகைவர் என்பது என்று எண்ணும்போது என் மனம் உண்மையாகவே வருந்துகிறது.

பேரகராதியைப் பற்றிய ஆக்ஷேபம் இன்னும் நிதானமாக ஆராயத்தக்கது. ஏனெனில் அதில் உண்மையும் அநியாயமும் பின்னிக் கிடக்கின்றன. தேவநேயப் பாவாணர் 1961-இல் அவ்வகராதியின் சீர்கேட்டை விளக்கத் தனி நூலே எழுதினார். தூய தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டியிருக்கிறார்கள், உலக வழக்கில் வாழும் சொற்கள் பல விடுபட்டிருக்கின்றன, வடசொற்கள் மிகுதியாகப் புகுத்தப்பட்டிருக்கின்றன என்பன அவர் சாற்றிய குறைகளில் முக்கியமானவை. முதற் குறை பல இடங்களில் மெய்யே. ஒரு சொல் வடமொழியிலும் தமிழிலும் காணப்பட்டால் வடமொழியே அதன் பிறப்பிடம் என்று கொள்ளும் மனப்பான்மை அக்காலத்துப் புலமையில் ஆழ வேரூன்றியிருந்தது. திராவிடச் சொற்கள் பல வடமொழியிற் புகுந்திருக்கின்றன என்பதை டி. பரோவும் எம். பி. எமனோவும் பின்னர்த் தெளிவாக்கினர். ஆகவே பாவாணரின் கண்டனத்தின் இப்பகுதி, சொல்லைப் பார்த்து, சான்று காட்டிச் செய்த கண்டனம். அது நியாயமானது, வேண்டப்பட்டதுமாகும்.

ஆனால் அக்குறை முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றியது நியாயமன்று. அகராதி வேலை 1913-இல் ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் தொடங்கியது; முதற் பகுதி 1924-இல் வெளிவந்துவிட்டது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக அமர்ந்தது 1926-இல். சொற்பிறப்புக் காட்டும் நெறி, சொற்களை எடுத்துக்கொள்ளும் எல்லை, ஒலிபெயர்ப்பு ஆகியவை ஒரு குழுவினரால் வகுக்கப்பட்டு, அச்சாகியும் வந்த நிலையில், நடுவழியில் பொறுப்பேற்றவர் அவர். நூல் முடியுமோ என்று பலரும் சலித்துப்போன அந்த வேலையைப் பத்தாண்டில் முடித்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை, மேற்கோளும் நூற்பெயரும் தந்து நிறுத்தியது அவருடைய தலைமை. 1862-இல் வின்சுலோ வெளியிட்ட அகராதியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பவர், ஒவ்வொரு பொருளுக்கும் நூலாட்சி காட்டும் அந்த ஒழுங்கின் அருமையை எளிதில் உணர்வார். அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் தமிழ்ப் பகுதிக்குத் தலையாய ஆதாரம் இந்தத் தமிழ்ப் பேரகராதிதான். வடமொழிச் சார்பு உடையது என்று தூற்றப்பட்ட நூலே, திராவிட மொழிகளின் சொல்லுறவை உலகறியக் காட்டிய நூலுக்கு அடித்தளமாயிற்று. குறையைச் சுட்டியவர்கள் இதையும் ஒரு வரி சொல்லியிருந்தால், அவர்களுடைய கண்டனம் நூறு மடங்கு வலிமை பெற்றிருக்கும். பாவாணரை முன்னிட்டுத் தமிழ்நாட்டு அரசு 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம், அவர் மறைந்து முப்பதாண்டு கழித்து, 2011-இல்தான் நிறைவெய்தியது என்பதிலிருந்து அகராதி வேலை எத்தகைய மலைச்சுமை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது முதல் வகையாரிடம் வருகிறேன். பிரமாணத்தை எடுத்துக்கொண்டு வாதித்தவர்கள் வையாபுரிப் பிள்ளையைச் சில இடங்களில் தோற்கடித்திருக்கிறார்கள் என்பதை மறைப்பது அவருக்கே செய்யும் அவமரியாதை. தொல்காப்பியமே சரியான எடுத்துக்காட்டு. மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகள் பரதரின் நாட்டிய சாஸ்திரத்தை அறிந்து எழுதப்பட்டவை. மரபியல் இறுதியில் வரும் முப்பத்திரண்டு உத்திகள் கௌடலியரின் அர்த்த சாஸ்திரத்தின் கடைசி அதிகரணத்திலுள்ள முப்பத்திரண்டு தந்திர யுக்திகளோடு ஒத்தவை. களவியல் மறையோர் தேயத்து மன்றல் எட்டைக் குறிப்பதால் தர்ம சாஸ்திரங்களின் பழக்கம் தெரிகிறது. காமசூத்திரத்தின் சாயலும் உண்டு. ஆதலின் நூல் இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒப்புமைகளை அவர் சுட்டியது சரி. அவற்றிலிருந்து ஐந்தாம் நூற்றாண்டுக்கு அவர் நடந்த நடையில்தான் இடறல் இருக்கிறது.

முதலாவதாக, முப்பத்திரண்டு என்னும் உத்திக் கணக்கு கௌடலியருக்கு மட்டும் உரியதன்று. சுசுருதரின் வைத்திய சங்கிதையிலும் அது உண்டு. சரகத்தில் தொகை மேலும் சில கூடுகிறது. சாஸ்திரம் எழுதுவோர் எல்லோருக்கும் பொதுவாயிருந்த ஒரு மரபை, ஒரு குறிப்பிட்ட நூலிலிருந்து கடன் வாங்கியதாகக் கொள்ள இடமில்லை. இரண்டாவதாக, தமிழ் நூலுக்குத் தேதி கட்டப் பயன்படுத்திய வடநூல்களின் தேதிகளே உறுதியானவை அல்ல. அர்த்த சாஸ்திரம் மௌரியர் காலத்து நூல் என்பாரும், அது பல கைகளால் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டது என்பாரும் உண்டு. 1971-இல் தாமஸ் டிரவுட்மன் சொற்கணக்கைக் கொண்டு அந்நூலுக்கு ஆசிரியர் ஒருவர் அல்லர் என்று வாதித்தார். ஆடிக்கொண்டிருக்கும் முளையில் கட்டிய கன்று எத்தனை தூரம் நகரும் என்று யார் சொல்ல முடியும்? மூன்றாவதாக, தொல்காப்பியம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவரால் செய்யப்பட்டது என்று அவர் கொண்டது. மரபியலில் இடைச்செருகல் உண்டு என்பதைப் பலரும் ஒப்புகின்றனர். கமில் சுவலபில் முதலியோர் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் முந்திய அடுக்கு, பொருளதிகாரத்தின் சில பகுதிகள் பிந்திய அடுக்கு என்று பிரித்தபோது, வையாபுரிப் பிள்ளை காட்டிய சான்றுகளில் பெரும்பாலானவை அந்தப் பிந்திய அடுக்கையே தொடுகின்றன என்பது புலனாயிற்று. அதாவது, அவருடைய ஐந்தாம் நூற்றாண்டு முற்றிலும் பிழையுமன்று. முழு நூலுக்கும் பொருந்துவதுமன்று.

தமிழ்ச் சங்கத்தைப் பற்றி அவர் கூறியதும் இவ்வாறே. தேவசேனர் எழுதிய தர்சனசாரம் என்னும் சமண நூல், வச்சிரநந்தி என்பவர் கி.பி. 470-இல் மதுரையில் திரமிள சங்கம் நிறுவியதாகச் சொல்கிறது. வையாபுரிப் பிள்ளை இதைப் பற்றிக்கொண்டு, நம் மரபு போற்றும் சங்கத்தின் வரலாற்று மூலம் இதுவாகலாம் என்றும், தொல்காப்பியம் அச்சூழலில் எழுந்ததாகலாம் என்றும் ஊகித்தார். மயிலை சீனி. வேங்கடசாமி இதை மறுத்தார். எப்படி மறுத்தார் என்பதே நமக்கு முக்கியம். சமணத் துறவியரின் அமைப்பு முறையை எடுத்துக்காட்டி, மூல சங்கம் கிளை கிளையாகப் பிரிந்த வரலாற்றைச் சொல்லி, நந்தி சங்கம், சேன சங்கம் என்பன போல் திரமிள சங்கமும் துறவியரின் ஒரு கணமேயன்றிப் புலவர் கூடித் தமிழாய்ந்த அவையன்று என்று நிறுவினார். வையாபுரிப் பிள்ளையின் உள்நோக்கத்தைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே அவருக்கு நேரவில்லை. வாதம் தானே போதுமானதாயிருந்தது. என் அபிப்பிராயத்தில், வையாபுரிப் பிள்ளையின் மீது செய்யப்பட்ட கண்டனங்களுள் இதுவே தலைசிறந்தது. மா. இராசமாணிக்கனாரும் கால ஆராய்ச்சியில் முறையாக இறங்கி வாதித்தவர்களில் ஒருவர். இத்தகையோரை, பழி தூற்றியவர்களோடு ஒரே கும்பலாகச் சேர்த்துப் பேசுவது பெருந்தவறு.

வையாபுரிப் பிள்ளைக்குப் பின் கிடைத்த சாசனங்களும் பேச வேண்டும். புகளூர்க் குகைக் கல்வெட்டுகளை 1960-களில் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டியபோது, பதிற்றுப்பத்துக்குரிய இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாகக் கல்லில் காணப்பட்டனர். 1981-இல் ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரையே தாங்கி நின்றது. சங்கப் பாடல்கள் உண்மையான அரசர்களைப் பாடியவை என்பதற்கு இவற்றைவிட வலிய சான்று வேண்டியதில்லை. அவற்றைக் கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளுக்கு உரியனவாகக் கொண்ட வையாபுரிப் பிள்ளைக்கும் இவை விரோதமல்ல. மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பெருநூலில், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் தமிழ்ப் பிராமி எழுத்தில் எப்போது தோன்றுகிறது என்று ஆராய்ந்து, அப்புள்ளியை விதிக்கும் தொல்காப்பியம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்கு முற்பட்டிருக்க முடியாது என்றார். இதை ஏற்காத தொல்லியலாரும் உளர். பொருந்தலிலும் கீழடியிலும் கிடைத்த பொருள்கள் தமிழ் எழுத்தின் வயதை இன்னும் முன்னே கொண்டுபோகின்றன என்பது அவர்கள் வாதம். வாதம் முடியவில்லை. ஆனால் மகாதேவனின் எல்லை, கிறிஸ்துவுக்கு முன் பல நூற்றாண்டு என்று வையாபுரிப் பிள்ளையை எதிர்த்தவர்கள் சொன்னதை ஐயத்துக்கு உள்ளாக்குகிறதேயன்றி, அவருடைய ஐந்தாம் நூற்றாண்டை மறுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வையாபுரிப் பிள்ளை வென்ற இடங்களும் உண்டு. அவற்றைச் சொல்பவர் குறைவு. கலித்தொகையும் பரிபாடலும் திருமுருகாற்றுப்படையும் ஏனைய தொகைகளுக்குப் பிற்பட்டவை என்ற முடிவு இன்று மொழியியலார் பலருக்கும் உடன்பாடே. திருக்குறளின் மொழி சங்கப் பாடல்களின் மொழிக்குப் பிற்பட்டது என்பதற்கு, வடசொற்களின் வரவு மட்டுமன்றி, மற்றையவர்கள், பூரியர்கள் என்றாற்போல உயர்திணைப் பெயரோடு கள் விகுதி சேரும் புது வழக்கும் சான்றாக நிற்கிறது. இதனால் குறளின் பெருமை ஓர் அணுவளவும் குறைவதில்லை. அந்நூலின் மேன்மை அதன் வயதில் இருக்கிறதென்று எண்ணுபவர்தாம் வள்ளுவரைச் சிறுமைப்படுத்துகிறார்கள். 1940-இல் சைவ சித்தாந்த மகாசமாஜத்தின் வாயிலாக அவர் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பை எடுத்துப் பாருங்கள். எட்டுத்தொகையிலும் பத்துப்பாட்டிலும் சிதறிக்கிடந்த 2381 பாடல்களையும் புலவர்வாரியாகத் திரட்டி, கபிலர் பாடியவை இவை, பரணர் பாடியவை இவை என்று ஒரே நோக்கில் காணும்படி அவர் வகுத்த பின்னரே, சங்கப் புலவர்கள் ஒவ்வொருவராக நம் முன் எழுந்து நின்றார்கள். பகைவர் செய்யும் வேலையா இது?

இவ்வளவும் சொன்ன பின், அவரைப் புகழ்வோர் சிலரைப் பற்றியும் சொல்லாவிட்டால் என் கடமை நிறைவேறாது. அவர் தூற்றப்பட்டார் என்பதையே அவர் சொன்னது சரி என்பதற்கு ஆதாரமாகக் காட்டும் வழக்கம் ஒன்று அண்மையில் வளர்ந்திருக்கிறது. அவருடைய தேதிகளை ஆராயாமல், அவற்றை மறுப்பவர் எல்லோரும் மொழிவெறியர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இதுவும் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கும் பழைய பிழையே, திசைதான் வேறு. தமிழே உலக முதன்மொழி என்ற பாவாணரின் கொள்கையை மொழியியலார் ஏற்கவில்லை என்பதனால், பேரகராதியில் அவர் கண்ட குறைகள் குறைகள் ஆகாமற் போய்விடா. வையாபுரிப் பிள்ளை தம்மைப் பற்றிய வாதத்தில் கேட்டிருக்கக்கூடியது சலுகையன்று. எழுதியதைப் படித்துவிட்டு எதிர்க்க வேண்டும் என்பதே.

படிக்காமல் எதிர்த்ததால் நேர்ந்த நஷ்டம் அவருடையதன்று, தமிழாராய்ச்சியினுடையது. ஒரு நூலுக்குப் பிற்காலம் சொன்னால் பழி வரும் என்ற அச்சம் தமிழாசிரியர்களிடையே படிந்தது. கால ஆராய்ச்சியைத் தொடாமலே இலக்கிய வரலாறு எழுதுவதும், நான்கு அறிஞர்களின் நான்கு தேதிகளை அடுக்கி வைத்துவிட்டு முடிவைச் சொல்லாமல் நழுவுவதும் வழக்கமாயின. நல்ல வேளையாக, அவர் கடைசியாகப் பணியாற்றிய இந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேறொரு வழி பிறந்தது. வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவும், அதைத் தொடர்ந்து பழந்தமிழ் நூல்களின் மொழியமைப்பை ஒவ்வொன்றாக அலசிய ஆய்வேடுகளும், காலத்தைப் பற்றிய சண்டையை உணர்ச்சியிலிருந்து எடுத்துச் சொல்லுக்கும் விகுதிக்கும் கொண்டுவந்தன. எந்த நூலில் எந்த உருபு முதன்முதல் தோன்றுகிறது என்று எண்ணிப் பார்க்கக் கருவி கிடைத்தது. வையாபுரிப் பிள்ளை தனி மனிதராகக் குறிப்பேடுகளில் செய்துவந்த வேலை இங்கே ஒரு துறையின் வேலையாயிற்று.

ஆகவே என் தீர்ப்பு இது. தொல்காப்பியம் முழுவதற்கும் வையாபுரிப் பிள்ளை கூறிய காலமும் அவருடைய வச்சிரநந்தி ஊகமும் நிலைக்கவில்லை. அவற்றை மறுத்தவர்கள் நியாயமாகவே மறுத்தார்கள். பேரகராதியின் சொற்பிறப்புக் குறைகளில் அவருக்குப் பங்குண்டு, முழுப் பொறுப்பு இல்லை. கலித்தொகை, பரிபாடல், குறள் ஆகியவற்றின் முன்பின் வரிசையைப் பற்றி அவர் கூறியவற்றின் சாரம் நின்றுவிட்டது. அவருடைய தமிழ்ப் பற்றின்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுக்கு எந்தச் சாட்சியமும் இல்லை. அது தள்ளுபடியாக வேண்டிய வழக்கு.

அவர் அரிதிற் சேர்த்த நூல்களும் சுவடிகளும் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவர் எழுதியவையும் அவரை மறுத்து எழுதியவையுமோ இன்று வெவ்வேறு அலமாரிகளில், வெவ்வேறு கட்சியாரின் கைகளில் கிடக்கின்றன. தொல்காப்பியம், திருக்குறள், சிலப்பதிகாரம் ஆகிய மூன்றின் காலத்தைப் பற்றி அவர் தந்த வாதங்களையும், மயிலை சீனி. வேங்கடசாமி, இராசமாணிக்கனார், பாவாணர் முதலியோரின் மறுப்புகளையும், பின்னர்க் கிடைத்த கல்வெட்டுச் சான்றுகளையும் அருகருகே வைத்து, நடுநிலையான குறிப்புகளோடு ஒரே தொகுதியாக வெளியிடும் பொறுப்பைக் காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை ஏற்றுக்கொள்ள வேண்டும். அத்தகைய தொகுதி வரும் வரையில், அவரை ஏசப் புகும் அன்பர்களும் ஏத்தப் புகும் அன்பர்களும் அவருடைய இலக்கிய தீபம், தமிழ்ச் சுடர் மணிகள் என்னும் நூல்களை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டுத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.